எக்கோவில் காணாமல் போன இடது தமனி: மூச்சிரைத்த 7 மாதக் குழந்தை, ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைக்கு 7 மாதம். எடை 5.3 கிலோ. அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை மட்டும் பின்னால் மல்லாந்து, முகவாய் கூரையைப் பார்த்தபடி இருந்தது. அம்மா தலையைத் தூக்கி நேராக வைத்தார். இரண்டு மூச்சுக்குள் குழந்தை மறுபடியும் பின்னால் சாய்த்துக்கொண்டாள்.

"எப்பவும் இப்படித்தான் சார் தூங்குவா. கழுத்து வலிக்குமேன்னு நானும் நேரா வச்சு வச்சுப் பார்ப்பேன், கேட்க மாட்டா."

கழுத்தைப் பின்னால் வளைத்தால் மூச்சுக்குழாய் இழுபட்டு நேராகும், காற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக வழி கிடைக்கும். யாரும் சொல்லித்தராமல் அந்தக் குழந்தை தூக்கத்திலேயே அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எங்கள் எல்லோருக்கும் முன்னால் நோயின் இடம் அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

பெற்றோர் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயர், ஊர், மருத்துவமனை எதையும் சொல்லப் போவதில்லை.

நிறைமாதத்தில், சுகப்பிரசவத்தில், 2.7 கிலோ எடையோடு பிறந்த இரண்டாவது குழந்தை. மூன்றாவது வாரத்திலேயே மூச்சில் சத்தம் வந்திருக்கிறது. பாட்டி "கணை" என்று சொல்லி வசம்பு உரைத்துக் கொடுத்திருக்கிறார். பால் குடிக்கும்போது நாலு வாய் இழுப்பாள், விட்டுவிடுவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி பிடிப்பாள். ஒரு வேளைப் பாலுக்கு முக்கால் மணி நேரம். 3-ஆம் மாதம் சளி பிடித்து 5 நாள் ஆக்சிஜனில் இருந்தாள். 5-ஆம் மாதம் அதே கதை, இந்த முறை ஐசியூ. டிஸ்சார்ஜ் சீட்டுகளில் முதலில் "மூச்சு நுண்குழல் அழற்சி" என்றும் அப்புறம் "திரும்பத் திரும்ப வரும் வீசிங்" என்றும் கடைசியில் "ஆஸ்துமாவாக இருக்கலாம்" என்றும் எழுதியிருந்தது. நெபுலைசர் மெஷினையே வீட்டுக்கு வாங்கிவிட்டார்கள். அப்பா கொத்தனார் வேலை பார்ப்பவர். மாதத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி வாசலில் போய்விட்டது.

கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது தாள் ஒரு எக்கோ ரிப்போர்ட், அதாவது ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடித்துப் பார்க்கும் பரிசோதனையின் அறிக்கை. 2-ஆம் மாதத்தில் ஒரு முகாமில் எடுத்தது. "மேலறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் 4 மி.மீ. ஓட்டை. நுரையீரல் தமனிக் கிளைகள் இயல்பு." கீழே இருந்தது என் கையெழுத்து.

அந்த நாள் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. 40-க்கும் மேற்பட்ட குழந்தைகள், ஒரே மெஷின், கையில் பிடித்தாலே வீறிட்டு அழும் வயது. ஓட்டையைப் பார்த்திருக்கிறேன், அளந்திருக்கிறேன். கிளைகளைப் பார்த்தேனா? பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் பயன்படுத்திய படிவத்தில் "நுரையீரல் தமனிக் கிளைகள் இயல்பு" என்ற வரி முதலிலேயே அச்சாகி இருக்கும். மாறுதல் இருந்தால்தான் அடித்துத் திருத்துவோம். நான் அடிக்கவில்லை, அவ்வளவுதான். பார்க்காத ஒன்றுக்கு நான் கொடுத்த நற்சான்று அது. அதற்குப் பின் அந்தக் குழந்தையைப் பார்த்த ஒவ்வொரு மருத்துவரும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சரி, இதயத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை" என்று நெஞ்சுச் சளிப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பரிசோதனையில் நிமிடத்துக்கு 58 மூச்சு, ஆக்சிஜன் அளவு 94 சதவீதம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. இதயத்தில் பெரிய முணுமுணுப்பு (துடிப்புக்கு நடுவே கேட்கும் கூடுதல் இரைச்சல்) எதுவும் இல்லை. என்னை உட்காரவைத்தது சத்தம்தான். சாதாரண வீசிங் மூச்சை வெளியே விடும்போது கேட்கும் விசில். தொண்டைப் பக்கம் அடைப்பு என்றால் உள்ளே இழுக்கும்போது கேட்கும். இவளுக்கு இரண்டு பக்கமும் கேட்டது, ரம்பம் போய் வருகிற மாதிரி. நெஞ்சில் ஒரே ஒரு இடத்தில், நடுவில், சத்தம் உச்சமாக இருந்தது. நெபுலைசர் வைத்து 20 நிமிடம் கழித்துக் கேட்டேன். துளி மாற்றமில்லை. நெபுலைசர் மருந்து சிறு குழல்களின் தசையைத் தளர்த்தும்; நடுவே பெரிய குழாயைப் பிடித்து நெரிக்கிற ஒன்றை அதனால் என்ன செய்ய முடியும்?

எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் ஊதிப்போய்க் கறுப்பாக இருந்தது, இடது சின்னதாக. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம் வழக்கத்தைவிடத் தாழ்ந்து, கிளைகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் விரிந்திருந்தன. பழைய எக்ஸ்ரேக்களையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்றிலும் அதே வலது நுரையீரல். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்க்கப்பட்டதால் "சளியால் வந்த அடைப்பு" என்று கடந்துபோயிருக்கிறது. சளி ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் அடைப்பதில்லை.

எக்கோவை ராத்திரி 9 மணிக்கு வைத்துக்கொண்டேன். வயிறு நிறையப் பால் கொடுத்து, விளக்கை அணைத்து, அவள் நன்றாகத் தூங்கும்வரை காத்திருந்தோம். மயக்க மருந்து வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். இப்படிப்பட்ட மூச்சுக்குழாய் உள்ள குழந்தைக்கு ஆழ்ந்த மயக்கம் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

நெஞ்சின் இடதுபக்கம் மேலே வைத்துக் குறுக்குவெட்டாகப் பார்த்தால், இதயத்திலிருந்து நுரையீரல்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் முதன்மை நுரையீரல் தமனி இரண்டாகப் பிரிவது கால்சட்டை மாதிரித் தெரியும். இரண்டு கால்களும் தெரிந்தால்தான் அது இயல்பு. இவளுக்கு ஒரு கால்தான் இருந்தது. தமனி பிரியாமல் அப்படியே வலதுபுறம் போனது. இடது கால் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வலது கிளையைத் தொடர்ந்துகொண்டே போனேன். உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாயான மகாதமனியைத் தாண்டி, வெகுதூரம் போன பிறகு, அதன் பின்பக்கத்திலிருந்து ஒரு குழாய் கிளம்பி இடதுபக்கம் திரும்பி வந்தது. ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரில் அந்த ரத்தம் வளைந்து பின்னால் மறைவதைப் பார்த்தபோது, நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. அந்த வட்டம் மூச்சுக்குழாய்.

இதற்கு பல்மனரி ஆர்ட்டரி ஸ்லிங் என்று பெயர். நெஞ்சுக்குள் மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் அதன் பின்னால், இரண்டும் ஒட்டினாற்போல் இறங்குகின்றன. இடது நுரையீரலுக்குப் போகும் தமனி முன்பக்கமாகவே இடதுபுறம் போய்விட வேண்டும். கருவில் நுரையீரல் மொட்டுவிடும் காலத்தில் இடதுபக்க இணைப்பு சரியாக அமையாமல் போனால், இடது நுரையீரல் தனக்கு வேண்டிய ரத்தத்தை வலதுபக்கத் தமனியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அந்தக் குழாய் வலது மூச்சுக்கிளையின் மேலேறி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே நுழைந்து இடதுபுறம் வருகிறது. ஒரு துண்டைக் கழுத்துக்குப் பின்னால் போட்டு இரண்டு முனைகளையும் முன்பக்கம் இழுத்தால் கழுத்து என்ன ஆகுமோ, அதுதான் மூச்சுக்குழாய்க்கு ஆகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு இழுப்பு.

இந்த அமைப்பில் ஒரு வசதியும் உண்டு. நெஞ்சில் மூச்சுக்குழாயை நெரிக்கும் மற்ற ரத்தக்குழாய் வளையங்கள் வழக்கமாக உணவுக்குழாயின் பின்னால்தான் போகும். நடுவில் நுழைவது ஸ்லிங் ஒன்றுதான். ஆகவே எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் கரைசலைக் குடிக்கவைத்துப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தால் உணவுக்குழாயின் முன்பக்கச் சுவரில் ஒரு பள்ளம் தெரியும். சிடி வசதி இல்லாத இடத்தில் இந்தப் பழைய, மலிவான பரிசோதனை இன்றும் கைகொடுக்கும். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மட்டும் ஸ்லிங் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மறுநாள் சிடி ஆஞ்சியோகிராம், ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன். தமனியின் பாதை நான் பார்த்தபடியே இருந்தது. ஆனால் எங்கள் கவலையை இரட்டிப்பாக்கியது மூச்சுக்குழாய். இந்த வயதில் 5 மி.மீ. அளவில் இருக்கவேண்டியது, குறுகலான இடத்தில் 2.2 மி.மீ. அதுவும் தமனி அழுத்தும் ஒரு புள்ளியில் மட்டும் அல்ல. 26 மி.மீ. நீளத்துக்கு ஒரே குறுகல். தமனி வெளியிலிருந்து நெரித்தால் அந்த இடம் மட்டும்தான் குறுகும். இவ்வளவு நீளத்துக்குக் குறுகியிருக்கிறது என்றால் குழாயே பிறவியில் குறுகலாக உருவாகியிருக்கிறது என்று அர்த்தம்.

மூச்சுக்குழாயின் குருத்தெலும்புகள் குதிரை லாடம் போலப் பின்பக்கம் திறந்திருக்கும்; அந்தத் திறப்பை மென்மையான சவ்வு மூடியிருக்கும். ஸ்லிங் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அவை மோதிரம் போல முழு வளையமாக இருக்கின்றன. விரியாது, வளர்ச்சியும் மட்டுப்படும். வால்டர் பெர்டன் என்ற குழந்தைகள் கதிரியக்க மருத்துவரும் அவரது குழுவினரும் 1984-இல் இதற்கு ரிங்-ஸ்லிங் என்று பெயர் வைத்தார்கள். எனக்குப் பிடித்த பெயர், ஏனென்றால் இரண்டையும் சேர்த்தே நினைக்க வைக்கிறது. தமனியை மட்டும் சரிசெய்து மோதிரங்களை விட்டுவிட்டால் குழந்தை வெண்டிலேட்டரிலிருந்து வெளியே வராமலே போகலாம்.

குறுகலின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குழாயின் விட்டம் பாதியானால் அதில் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. 2.2 மி.மீ. குழாயின் உள்சுவர் ஒரு சாதாரணச் சளியில் அரை மி.மீ. வீங்கினால் மிச்சம் 1.2 மி.மீ. அண்ணன் பள்ளியிலிருந்து கொண்டுவரும் மூக்கொழுகல் இவளை ஏன் ஐசியூவில் கொண்டுபோய் நிறுத்தியது என்பது அப்பா அம்மாவுக்கு அந்தக் கணக்கைச் சொன்னபோதுதான் புரிந்தது. "அப்ப இத்தனை நாளா ஸ்ட்ரா வழியாத்தான் மூச்சு விட்டாளா சார்?" என்று கேட்டார் அம்மா. ஆமாம் என்றேன். ரிப்போர்ட்டில் இருந்த என் கையெழுத்தைப் பற்றியும் அன்றே சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பவாவது தெரிஞ்சுதே, மேல என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார்.

மேலே செய்யவேண்டியது பெரிய வேலை. எங்கள் குழுவில் இரண்டு கருத்து இருந்தது. மூச்சுக்குழாய் முழு வளையமாக இருந்தாலும் அறிகுறிகள் லேசாக இருக்கும் குழந்தைகளைக் கத்தி வைக்காமல் கண்காணிக்கலாம். சிலருக்கு வயதோடு குழாயும் போதுமான அளவு வளர்ந்துவிடுகிறது. எடை ஏறாமல், இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு முறை ஐசியூ வரை போன குழந்தைக்கு அந்தப் பாதை பொருந்தாது என்பது என் வாதம். தமனியை மட்டும் இப்போது மாற்றிவிட்டு மூச்சுக்குழாயைப் பிறகு பார்க்கலாம் என்றார் ஒருவர். மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றது. அறுவை அரங்கில், இதய-நுரையீரல் இயந்திரம் தயாராக நிற்க, 2.8 மி.மீ. தடிமன் கொண்ட ஸ்கோப்பை இறக்கினார்கள். குறுகல் ஆரம்பிக்கும் இடத்தில் வெள்ளை வெளேரென்று முழு மோதிரங்கள். அதற்கு மேல் ஸ்கோப் போகவில்லை, தள்ளவும் இல்லை. ஒரு உரசலில் வரும் வீக்கம் போதும் வழி மொத்தமும் மூட.

இதையொட்டி மயக்க மருத்துவர்களுக்கும் ஐசியூ மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூச்சுக் குழல் செருகும்போது குரல்நாணைத் தாண்டிய பிறகு தட்டினால், சின்ன குழலை எடுத்து மறுபடி மறுபடி முயற்சிக்காதீர்கள். குறுகலுக்கு மேலேயே நிறுத்துங்கள். முழு வளையம் இருக்கலாம் என்று நினையுங்கள். 5-ஆம் மாத ஐசியூவில் இவளுக்குக் குழல் செருகாமல், மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் கொடுத்தே சமாளித்தவர் யாரோ, அவர்தான் இந்தக் குழந்தையை எங்களிடம் உயிரோடு சேர்த்தவர்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வாங்கினோம். மூக்கு வழிக் குழாயில் 10 நாள் பால் கொடுத்துக் கொஞ்சம் தேற்றினோம்.

நெஞ்செலும்பை நடுவில் திறந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் போட்டபின் அறுவை மருத்துவர் முதலில் தமனியைக் கையாண்டார். இடது தமனியை வலது கிளையிலிருந்து வெட்டி எடுத்து, மூச்சுக்குழாயின் பின்னாலிருந்து உருவி, முன்பக்கம் கொண்டுவந்து, முதன்மைத் தமனியின் இடதுபக்கத்தில், அது பிறவியிலேயே இருந்திருக்கவேண்டிய இடத்தில் தைத்தார். இதில் நுணுக்கம் கோணத்தில் இருக்கிறது. கொஞ்சம் முறுக்கினாலோ இழுத்தாலோ அந்த இடம் பின்னால் சுருங்கி, இடது நுரையீரலுக்கு ரத்தம் குறையும். மேலறைச் சுவரில் இருந்த 4 மி.மீ. ஓட்டையைத் தொடவில்லை. அதை மூட இதயத்தை நிறுத்த வேண்டியிருக்கும். தமனி வேலை துடிக்கும் இதயத்திலேயே முடிந்துவிடும்.

அப்புறம் மூச்சுக்குழாய். குறுகலான பகுதியை நடுவில் குறுக்கே வெட்டினார். மேல்பாதியின் பின்சுவரையும் கீழ்ப்பாதியின் முன்சுவரையும் நெடுக்காகப் பிளந்து, ஒன்றின் மேல் ஒன்றைச் சறுக்கிக் கொண்டுவந்து தைத்தார். குறுகலின் நீளம் பாதியாகிறது, சுற்றளவு இரட்டிக்கிறது, காற்று போகும் பரப்பு நாலு மடங்காகிறது. வெளியிலிருந்து ஒட்டுத்துண்டு எதுவும் வேண்டியதில்லை. குழந்தையின் சொந்த மூச்சுக்குழாயே போதும், ரத்த ஓட்டமும் அப்படியே இருக்கும். லண்டனில் விக்டர் சாங், பீட்டர் கோல்ட்ஸ்ட்ரா ஆகியோர் 1989-இல் வெளியிட்ட முறை இது. அதற்கு முன் சிகாகோவில் ஃபாருக் இத்ரிஸ் இதய உறையின் ஒரு துண்டை வைத்து மூச்சுக்குழாயை அகலப்படுத்தும் முறையைக் கொண்டுவந்திருந்தார். உயிர்களைக் காப்பாற்றிய முறைதான், ஆனால் அந்த ஒட்டில் சதை வளர்ந்து அடைக்கும் தொல்லை இருந்தது.

இந்த நோயின் கதையில் சிகாகோ திரும்பத் திரும்ப வரும். 1897-இல் ஜெர்மனியில் கிளேவெக்கேவும் டோலேவும் இந்த அமைப்பை முதன்முதலில் எழுதியது ஒரு குழந்தை இறந்த பிறகு. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1953-இல், சிகாகோவில் வில்லிஸ் பாட்ஸ் முதன்முறையாக அந்தத் தமனியை வெட்டி, மூச்சுக்குழாயின் முன்பக்கம் கொண்டுவந்து இணைத்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து நீலம் பாரிக்கும் "நீலக் குழந்தை"களுக்காக மகாதமனியையும் இடது நுரையீரல் தமனியையும் இணைக்கும் அறுவையை 1946-இல் தந்தவரும் அவர்தான். எக்கோ, சிடி எதுவும் இல்லாத காலம். இன்று நாங்கள் தமனிக்குச் செய்வதும் அடிப்படையில் அவர் செய்த அதே வேலைதான்.

அறுவைக்குப் பின் 6-ஆம் நாள் வெண்டிலேட்டரை எடுத்தோம். 20 மணி நேரத்தில் மறுபடி வைக்கவேண்டி வந்தது. ஸ்கோப்பில் தையல் ஓரத்தில் சின்னச் சதை வளர்ச்சி. அதை அகற்றிவிட்டு, 11-ஆம் நாள் மறுபடி வெண்டிலேட்டரை எடுத்தோம். இந்த முறை நின்றது. அந்த நடு ஐந்து நாளில் அம்மா எங்களிடம் எதையும் கேட்கவில்லை. ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே இருந்தார். 24-ஆம் நாள் வீட்டுக்குப் போனாள்.

இந்த ஒரு குழந்தையிலிருந்து நான் மாற்றிக்கொண்டது எங்கள் எக்கோ படிவத்தை. அச்சிட்ட "இயல்பு" வரியை எடுத்துவிட்டு, "வலது கிளை" என்று ஒரு வெற்றிடமும் "இடது கிளை" என்று ஒரு வெற்றிடமும் போட்டோம். பார்த்தால் அளவோடு எழுத வேண்டும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதி, குழந்தை தூங்கும்போது மறுபடி கூப்பிட வேண்டும். இது ஸ்லிங்குக்காக மட்டும் இல்லை. வலது நுரையீரல் தமனி மகாதமனியிலிருந்தே கிளம்பும் குழந்தைகள் உண்டு. அந்த நுரையீரல் உடம்பின் முழு ரத்த அழுத்தத்தையும் வாங்கிக்கொண்டு சில வாரங்களிலேயே இதயத்தைத் திணறடிக்கும், ரத்தக்குழாய்கள் கெட்டிப்படுவதற்குள் அறுவை நடந்தாக வேண்டும். ஒரு கிளை முதன்மைத் தமனியோடு சேராமல், பிறந்ததும் மூடிவிடும் டக்டஸ் குழாயிலிருந்து வரும் குழந்தைகளும் உண்டு. டக்டஸ் மூடியதும் அந்தப் பக்க நுரையீரலுக்கு ரத்தம் நின்றுவிடுகிறது, பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் சின்ன நுரையீரல் என்று தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். முதல் வாரங்களில் எக்கோவில் இரண்டு கால்களையும் எண்ணியிருந்தால் இவை எல்லாமே மாட்டியிருக்கும். டக்டஸையே இடது கிளை என்று நினைத்து ஏமாறுவதும் நடக்கிறது. நுரையீரலுக்குள் நுழையும்வரை தொடர்ந்து பார்க்கச் சொல்வது அதனால்தான்.

அறுவை முடிந்து ஆறு மாதத்தில் எடை 8.9 கிலோ. சத்தம் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஓடியாடினால், சளி பிடித்தால் லேசாகக் கேட்கிறது. நுரையீரல் ரத்த ஓட்ட ஸ்கேனில் இடதுபக்கத்துக்கு 36 சதவீதம் போகிறது. 45 அளவில் இருக்கவேண்டும். இன்னும் குறைந்தால் தமனியைத் தைத்த இடத்தைப் பலூன் வைத்து விரிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் வந்தபோது எக்கோ கருவியைப் பார்த்ததும் அழுதாள். அம்மா தோளில் போட்டுத் தட்டினார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். தலை நேராக, முகவாய் அம்மாவின் தோளில் பதிந்தபடி தூங்கிப்போனாள். மேலே வைத்துப் பார்த்தேன். வலது கிளை 8 மி.மீ. இடது கிளை 5 மி.மீ., இணைப்பில் லேசான குறுகல், நுரையீரலுக்குள் நுழையும்வரை தெரிந்தது. இரண்டு வெற்றிடத்தையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.